சாமிக்குப் போன ஜீப்

மதினி,

இன்று காலையில் மலைக்குப் போகிற ஜீப்பில், புதிதாக வேலைக்கு வந்த பிள்ளை ஒருத்தி வாந்தி எடுத்தாள். பின்பக்கமாக ஏறி உள்ளே அடைத்துக்கொள்கிற டீசல் புகை முதல் வாரத்தில் எல்லாரையும் அப்படித்தான் படுத்தும். பக்கத்தில் இருந்தவள் நாரத்தை இலையைக் கசக்கி அந்தப் பிள்ளையின் மூக்குக்கு நேரே பிடித்தாள். அந்த வாசனை என் பக்கம் வந்ததும் எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது. முந்தியெல்லாம் முந்தானையில் நாரத்தை இலை முடிந்து கொண்டுவருகிறவள் நீ ஒருத்திதான். "மருந்துக்காரி வந்துட்டா" என்று கேலி பண்ணுவார்கள். இப்போது ஆளுக்கு நாலு இலை கொண்டுவருகிறார்கள். உன்னிடமிருந்து அவர்கள் எடுத்துக்கொண்டது அது ஒன்றுதான்.

உன்னைப் பற்றிப் பேச எனக்கு ஆள் இல்லை. ஊரில் உன் பேச்சை எடுத்தால் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிற எழுத்துத்தான். நீ சிரித்தாலும் பரவாயில்லை.

நமக்குள் சொந்தம் ஒன்றும் கிடையாது. உன் வீட்டுக்காரரை நான் அண்ணன் என்று கூப்பிட்டேன், அதனால் நீ எனக்கு மதினி, நான் உனக்கு மதினி. அண்ணன் இறந்துபோன பிறகும் அந்த முறை நின்றது. விடிந்தும் விடியாமலும் கங்காணியின் ஜீப்பில் ஏறி, கம்பம்மெட்டு வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டத்துக்குப் போவோம். பொழுது சாயத் திரும்புவோம். அந்த ஜீப்பில் ஆள் ஏற்றுகிற கணக்கு உனக்குத் தெரியாததா. ஒருத்தி மடியில் ஒருத்தி, அவள் முட்டியில் இன்னொருத்தியின் தூக்குவாளி. கங்காணிக்குத் தலைக்கு இவ்வளவு என்று தோட்டத்தில் கொடுக்கிறார்கள். அவனுக்கு நாமெல்லாம் தலைகள். கை, கால், மூச்சு எல்லாம் அவன் கணக்கில் வராது.

வெயில் அடித்துக் கொளுத்திய வருசம்தான் உனக்குப் புத்தி வேறு பக்கம் திரும்பியது. நிழல் மரத்தடியிலேயே ஏலச்செடி வெந்த கீரை மாதிரி சாய்ந்து கிடந்தது. மேலே எப்போதும் போர்த்தியிருக்கிற மஞ்சுமூட்டம் அந்த வருசம் வரவே இல்லை. காய் இல்லை, வேலை இல்லை, கீழே போங்கள் என்றார்கள். எல்லாரும் தலையில் கை வைத்து உட்கார்ந்தோம். நீ போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாய். ஏதேதோ வீடியோ பார்த்தாய். பிறகு என்னிடம் வந்து கேட்டாய்.

"ஏன் மதினி, வீட்டுக்குள்ள அடுப்பு மூட்டுறோம். புகை வெளிய போகலைன்னா என்ன ஆகும்?"

"கண்ணு எரியும். மூச்சு முட்டும்."

"அம்புட்டுத்தான். ஒலகம் பூராம் அடுப்ப மூட்டிப்புட்டாக. புகை போறதுக்கு வழி வைக்கல. நம்ம போற ஜீப்பும் ஒரு அடுப்புதான். நம்மளக் கூலிக்குக் கூட்டிட்டுப் போற அடுப்பே நம்ம கூலியப் பொசுக்குது, பாத்துக்க."

படித்தவர்கள் எத்தனையோ பேர் இதைப் பற்றிப் பேசி நான் பிறகு கேட்டிருக்கிறேன். எனக்குப் புரிந்தது நீ சொன்னதுதான்.

உன் வீட்டு வாசலில் அண்ணன் ஓட்டிய பழைய ஜீப் நின்றது. என்ஜினை முன்னமே கழற்றி விற்றாயிற்று. கோழி அடைகிற கூண்டாகத்தான் அது கிடந்தது. தேனியில் பட்டறை வைத்திருக்கிற ஒரு மெக்கானிக், அதில் மோட்டாரும் பேட்டரியும் வைத்துக் கரண்டில் ஓட்டலாம் என்று உன்னிடம் சொல்லியிருந்தார். அவர் சொன்ன செலவைக் கேட்டு நான் வாயைப் பொத்திக்கொண்டேன். நீ கேட்ட இடத்தில் எல்லாம் கடன் இல்லை என்றார்கள். அப்புறம்தான் அந்த யோசனையைக் கொண்டுவந்தாய்.

"வெளிநாட்டுல ஒருத்தன் கரண்டு காருக்காக ரோட்டுல வித்தை காட்டினானாம். ஊரே ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டுச்சாம். கார் வாங்குனானாம்."

"என்ன வித்தை?"

"தலைகீழா நடந்தானாம்."

"நீ தலைகீழா நடந்தா சேலை என்னத்துக்கு ஆகும்?"

சிரித்துச் சிரித்து உனக்குப் புரையேறிவிட்டது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாய். "நான் ஜீப்ப இழுக்கப்போறேன் மதினி. கம்பத்துல இருந்து தேனி மட்டும். கயித்தக் கட்டி, தோள்ல போட்டு, இழுக்கப்போறேன். ஏன் இழுக்குறன்னு எல்லாரும் கேப்பாக. கேக்குற எல்லார்ட்டயும் சொல்லுவேன்."

கேட்பார்கள் என்பதில் உன் கணக்குத் தப்பவில்லை. நீ சொல்வதைக் கேட்பார்கள் என்று நம்பினாயே, அதில்தான் தப்பியது.

புறப்பட்ட அன்று நான் மூன்று விசயம் சொன்னேன். மஞ்சள் சேலை வேண்டாம் என்றேன். "லாரிக்காரனுக்குத் தூரத்துல இருந்தே தெரியணும்ல" என்றாய். காலில் செருப்புப் போடு என்றேன். செருப்போடு இழுத்தால் வழுக்குகிறது என்று கழற்றி ஜீப்புக்குள் போட்டாய். ஜீப்பில் வேப்பங்குழையைச் செருகாதே என்றேன். ஸ்டியரிங் பிடித்து உட்காருகிற எனக்கு நிழல் வேண்டும் என்று நீதான் ஒடித்துச் செருகினாய். மாசமோ சித்திரை. வீரபாண்டித் திருவிழாவுக்குச் சனம் தீச்சட்டி எடுத்துக்கொண்டும், அலகு குத்தித் தேர் இழுத்துக்கொண்டும் போகிற மாசம். மஞ்சள் சேலை, வெறுங்கால், வேப்பிலை, தோளில் கயிறு, பின்னால் ஒரு வண்டி. பார்க்கிறவன் என்ன நினைப்பான்? காலநிலையைப் பற்றி நீ பேசவந்திருக்கிறாய் என்றா நினைப்பான்?

உத்தமபாளையம் வருவதற்குள் தெரிந்துவிட்டது. ஒரு டீக்கடையிலிருந்து ஆள் ஓடிவந்து, ஜீப்பில் நாம் கட்டியிருந்த தகர உண்டியலில் காசு போட்டுக் கும்பிட்டான்.

"எந்த அம்மனுக்கு ஆத்தா நேர்ந்திருக்க?"

"அம்மனுக்கு இல்லண்ணே. கரண்டு ஜீப்புக்கு. புகை இல்லாம வண்டி ஓட்டணும்னு..."

"நல்லா ஓட்டு ஆத்தா. அம்மன் கூட வருவா."

அடுத்த ஊரில் ஒரு பெண் கேட்டாள். "என்ன வேண்டுதலு?"

நீ நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, பொறுமையாகச் சொன்னாய். "வெயிலு கொறையணும். மழை அந்தந்தக் காலத்துல பேயணும். மலையில மஞ்சு எறங்கணும்."

"நமக்காகவா வேண்டிக்கிட்ட? நீ நல்லா இருக்கணும் ஆத்தா!" என்று அவள் உன் காலைத் தொட்டாள். நான் ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டேன். இதை வேண்டுதல் இல்லை என்று எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

பின்னால் நின்று தள்ள நம் தோட்டத்துப் பெண்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். வெயில் தாங்காமல் அவர்கள் பாதியில் பஸ் ஏறிவிட்டார்கள். அப்புறம் மேடு வந்த இடத்தில் எல்லாம் யார் யாரோ வந்து தள்ளினார்கள். "ஏலே, கைய வைங்கடா, புண்ணியம்டா!" என்று ஒரு கூட்டம் கிரிக்கெட் மட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தது. புகைக்காக என்று தெரிந்திருந்தால் ஒருத்தன் வந்திருப்பானா? நீ ஒவ்வொருத்தரிடமும் சொன்னாய். தொண்டை கட்டுகிற வரைக்கும் சொன்னாய். சின்னமனூரில் செல்போன் கடை வைத்திருந்தவர், போனில் பணம் அனுப்புகிற அட்டை ஒன்று அடித்துக்கொடுத்து, ஜீப்பின் முன்னால் தொங்கவிட்டார். உன்னை வீடியோவும் எடுத்தார். நீ புகையைப் பற்றி, ஏலச்செடி பற்றி, அடுப்பு பற்றி எல்லாம் பேசினாய். நல்லாப் பேசினாய். அவர் அதில் பேச்சை எடுத்துவிட்டு உடுக்குச் சத்தத்தைப் போட்டு, 'அம்மனுக்கு ஜீப் இழுக்கும் வீரத்தாய்' என்று போட்டுவிட்டார். சிங்கப்பூரிலிருந்தெல்லாம் பணம் வந்தது. பணத்தோடு சேதியும் வந்தது. மகளுக்கு வரன் அமையணும், புருசன் குடியை விடணும், நிலத்துக் கேசு நமக்குச் சாதகமாக வரணும்.

"பேச்ச எடுத்துட்டீகளேண்ணே" என்று நீ போனில் கேட்டதற்கு அவர் சொன்னார்: "பேச்சு வச்சா யாரும் பாக்க மாட்டாகம்மா."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

வீரபாண்டியில் நடந்ததை நான் எழுதித்தான் ஆகணும். ஆற்றுப் பாலம் தாண்டி நிழலில் நிறுத்தியிருந்தோம். உன் உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். ஒரு பெண், நடக்கமாட்டாத பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். பெரிய பிள்ளை, கால் துவண்டு தொங்கியது. குடத்தில் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து உன் காலில் ஊற்றினாள். கொப்புளத்தில் பட்டு உனக்கு எப்படி எரிந்திருக்கும்! நீ முகத்தைச் சுளிக்கக்கூட இல்லை. சுளித்திருந்தால் நீயும் மனுசிதான் என்று ஒருவேளை தெரிந்திருக்கும்.

அவள் திருநீற்றுத் தட்டை நீட்டினாள். "பிள்ளைக்குப் பூசி விடு ஆத்தா."

நீ என்னைப் பார்த்தாய். அவளைப் பார்த்தாய். "நான் சாமி இல்லம்மா" என்று உன் வாயில் வந்தது. எனக்குக் கேட்டது. கொட்டுச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. அந்தப் பிள்ளை உன்னைப் பார்த்துச் சிரித்தது. நீ விரலில் திருநீற்றைத் தொட்டு அதன் நெற்றியில் பூசிவிட்டாய். சுற்றி நின்றவர்கள் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

ஊர் ஊராக இல்லை இல்லை என்று கத்திக்கொண்டு வந்தவள், அந்த ஒரு இடத்தில் சும்மா இருந்துவிட்டாய். நான் உன் இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று கேட்காதே. நான் உன்மேல் கோபமாக இருக்கிறேன். இருந்துவிட்டுப் போகிறேன்.

தேனிக்கு வந்து சேர்ந்தபோது ஒரு மண்டபத்தில் கூப்பிட்டுச் சால்வை போட்டார்கள். சுற்றுச்சூழல் கூட்டமாம். பூமி சூடாவதைப் பற்றி ஒருவர் வெகுநேரம் பேசினார். அவர் வந்த கார் வாசலில் ஓடிக்கொண்டே நின்றது. அவர் திரும்பி ஏறும்போது உள்ளே குளிர்ந்து கிடக்கவேண்டுமாம். நீ சால்வையோடு எழுந்து வெளியே போய், "அணைப்பா வண்டிய" என்று அந்த டிரைவரிடம் சொன்னாய். அவன் அணைக்கவில்லை. நீ திரும்பி வந்து உட்கார்ந்து என் காதில், "இந்தச் சால்வைக்குப் பதிலா ஒரு சோடி செருப்புக் குடுத்திருக்கலாம் மதினி" என்றாய்.

மெக்கானிக் ஒருவர்தான் ஆண்டவனை இதில் இழுக்காத ஆள். அவர் வேதக்காரர், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர். ஜீப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு வேப்பங்குழையை எல்லாம் உருவி வெளியே போட்டார். "எனக்கு இது வண்டிதாம்மா. வேற ஒண்ணும் தெரியாது" என்றார். எனக்கு அவரைக் கும்பிடவேண்டும் போல இருந்தது. மாதக்கணக்கில் ஆயிற்று. மோட்டார் வைத்தார், பேட்டரி வைத்தார், பிரேக்கைப் புதிதாக மாற்றினார். "மலையில ஏறுறது பெரிசில்லம்மா, எறங்குறதுதான் வேலை" என்று அதற்கு அத்தனை மெனக்கெட்டார். நீ காகிதத்துக்காக ஆபீஸ் ஆபீஸாக அலைந்தாய். மழை பெய்து தோட்டத்தில் மறுபடி வேலை தொடங்குகிற நேரத்துக்கு ஜீப் தயாராகிவிட்டது.

முதல் நாள் நாம் போனது உனக்கு ஞாபகம் இருக்கும். ஸ்டியரிங்கில் நீ, பின்னால் நானும் நம்மோடு வேலை செய்கிற சில பேரும். இடம் எவ்வளவோ அவ்வளவு பேர்தான். மடியில் ஒருத்தரும் இல்லை. வளைவில் ஏறும்போது சத்தமே இல்லை. கத்திப் பேசியே பழகின நமக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மரத்துக்குள் எங்கேயோ தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. இத்தனை வருசமாக அந்த வழியில் போகிறோம், அங்கே தண்ணீர் விழுகிறது என்று நமக்குத் தெரியாது. "கேக்குதா?" என்று நீ திரும்பிப் பார்க்காமலே கேட்டாய். நான் தலையை ஆட்டினேன். உனக்குத் தெரிந்திருக்காது, நான் அழுதுகொண்டிருந்தேன்.

அந்தச் சத்தமில்லாமைதான் கேடாகவும் போனது. என்ஜின் இல்லாமல் தானாக ஓடுகிற வண்டி, அம்மன் ஓட்டுகிறாள் என்று பேச்சு வந்துவிட்டது. அடுத்த நாள் ஏற வந்தவர்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"ஏறுங்கடி, நேரமாச்சு."

"இன்னைக்குக் கருவாட்டுக் கொழம்பு மதினி, தூக்குவாளில இருக்கு. எப்பிடி ஏறுறது?"

"நான் தூரம். நாளைக்கு வாரேன்."

"எங்க வீட்டுல கோழி அடிச்சிருக்கு..."

"இது ரெக்சின் சீட்டுடி!" என்று நீ கத்தினாய். "சிம்மாசனம் இல்ல! உங்க பொச்ச வச்சு உக்காரத்தான் இத்தன தூரம் இழுத்துட்டுப் போனேன்!"

அவர்களில் ஒருத்தியும் ஏறவில்லை. நேரே எதிரில் கங்காணியின் ஜீப் நின்றது. தீட்டுக்காரியும் கருவாட்டுக்காரியும் அதில் ஏறி அடைந்தார்கள். கங்காணி வெளியே தலையை நீட்டிக் கேட்டான். "என்ன ஆத்தா, சாமி பொறப்பாடா? பட்டுக் குடையக் காணோம்?"

கங்காணி உன்னைக் கெடுத்தான் என்றால் எனக்கு மனசு ஆறிப்போயிருக்கும். அவன் ஒன்றும் செய்யவில்லை. யாருக்காக இழுத்தாயோ அவர்களே பயபக்தியோடு உன்னைக் கெடுத்தார்கள். நானும் இன்னும் ரெண்டு பேரும் மட்டும் உன்னோடு வந்தோம். மூன்று பேர் கொடுக்கிற காசில் வண்டியை எத்தனை நாள் ஓட்ட முடியும்?

ஊர்க்கோயில் திருவிழா வந்தது. ஒரே ஒரு நாள் சாமி ஊர்வலத்துக்கு ஜீப்பைக் கொடு என்று கமிட்டிக்காரர்கள் வந்து கேட்டார்கள். சத்தமில்லாத வண்டி என்பதால் நாயனம் நல்லாக் கேட்குமாம். நீ கொடுத்தாய். ஒரு நாள்தானே. அம்மனை ஏற்றினார்கள். மறுநாள் சாவியைக் கேட்கப் போனபோது, "சாமி ஏறி உக்காந்த வண்டியில இனிமே கூலியாளுக ஏறலாமாம்மா? நீயே சொல்லு" என்றார்கள்.

கூட்டம் போட்டார்கள். நீ நடுவில் நின்று கேட்டாய். "எந்த எடத்துலயாச்சும் நான் அம்மன் பேரச் சொல்லிக் காசு கேட்டேனா? கேட்டேன்னு சொல்ற ஆளு எந்திரிச்சு வரட்டும்."

யாரும் எழுந்திருக்கவில்லை. கமிட்டித் தலைவர் தன் போனை எடுத்து எல்லாருக்கும் தெரிகிற மாதிரி பிடித்தார். வீரபாண்டி. மஞ்சள் தண்ணீர். நீ அந்தப் பிள்ளைக்குத் திருநீறு பூசுகிறாய். உடுக்குச் சத்தம்.

"இது என்ன ஆத்தா?" என்று அவர் கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. மரியாதையாகத்தான் கேட்டார்.

நீ அந்தப் போனையே பார்த்துக்கொண்டு நின்றாய். நான் எழுந்து, "அவ சாமி இல்லன்னு சொன்னா, என் காதால கேட்டேன்" என்றேன். "நீ சும்மா இரு ஆத்தா, அவுகளே பேசாம இருக்காக" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அது நம் தோட்டத்துப் பெண்தான். முந்தின நாள்வரை உன்னை 'அவ' என்று பேசியவள், அன்றைக்கு 'அவுக' என்றாள். அந்த மரியாதையைக் கேட்டதும் உன் முகம் செத்துப்போனதை நான் பார்த்தேன்.

அதற்கு அப்புறம் நீயும் கங்காணி ஜீப்புக்குத்தான் வந்தாய். வேறென்ன செய்வது? அவன் கேலி பண்ணவில்லை. "வாங்க ஆத்தா" என்று முன் சீட்டில் இடம் கொடுத்தான். சாமிக்கு முன் சீட்டு. நீ அங்கே உட்காராமல் பின்னால் போய்க் கூட்டத்தோடு அடைந்துகொண்டாய்.

மழை நாள் அது. நீ முன்னால் போன ஜீப்பில், நான் பின்னால் வந்ததில். தோட்டத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். வளைவில் உங்கள் ஜீப் திரும்பவில்லை. திரும்பாமல் நேரே போனது. அவ்வளவுதான் நான் பார்த்தது. மற்றவர்களுக்குக் கை உடைந்தது, இடுப்பு உடைந்தது. நீ கீழே பாறையில் கிடந்தாய். உன்னை மேலே தூக்கிக்கொண்டு வரும்போது நான் ரோட்டைப் பார்த்தேன். அண்ணன் ஜீப் ஓட்டிய காலத்திலிருந்து எனக்கு ரோடு பார்க்கத் தெரியும். பிரேக் பிடித்தால் ரோட்டோரச் சேற்றிலாவது டயர் இழுபட்ட கோடு விழும். அங்கே ஒரு கோடும் இல்லை. டிரைவர் மிதித்தானாம், பெடல் அடிவரைக்கும் போனதாம், ஒன்றும் பிடிக்கவில்லையாம். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு அவனே என்னிடம் அழுதான். பிறகு யார் கேட்டாலும் மழை வழுக்கியது என்று சொல்லிவிட்டான்.

அந்த நேரத்தில் உன் ஜீப் புதுப் பிரேக்கோடு கோயில் கொட்டகையில் நின்றது. கழுத்தில் மாலை போட்டு நின்றது.

இதோடு விட்டிருந்தால்கூட நான் அழுதுவிட்டு அடங்கியிருப்பேன். கருமாதி முடிவதற்குள் பேச்சு வந்துவிட்டது. அம்மன் பேரில் வந்த வண்டியைக் கூலிக்கு ஓட்டினாளே, செருப்புக் காலோடு ஏறினாளே, சாமி குத்தம் சும்மா விடுமா என்றார்கள். அழுதுகொண்டே சொன்னார்கள். உன்மேல் பாசமாகத்தான் சொன்னார்கள். இப்போது ஜீப்பின் முன் கண்ணாடிக்கு மேலே உன் பெயரை எழுதிப் பக்கத்தில் 'உபயம்' என்று போட்டிருக்கிறார்கள். நீ கொடுத்த மாதிரி. நீ விழுந்த வளைவில் சூலம் நட்டிருக்கிறார்கள். அந்த இடம் வந்தால் டிரைவர் வேகத்தைக்கூடக் குறைக்காமல் ஒரு கையால் கும்பிடுகிறான். ஜீப் முழுக்கக் கும்பிடுகிறது.

நான் கும்பிடுவதில்லை மதினி. எனக்கும் அம்மன்மேல் பயம் உண்டு, பக்தி உண்டு. தீச்சட்டி எடுத்தவள்தான் நான். ஆனால் அந்த வளைவில் கும்பிட்டால், உன்னைக் கொன்றது அவள்தான் என்று நானும் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அவள் அப்படிப்பட்டவள் இல்லை. பிரேக் கட்டையை மாற்றாத கங்காணியை விட்டுவிட்டு, அவள்மேல் பழி போட எனக்கு மனசு வரவில்லை.

நீ கேட்பாய், அப்படியானால் நீ என்னதான் செய்கிறாய் என்று. பெரிதாக ஒன்றுமில்லை. எனக்கு உன்னை மாதிரி கயிற்றைத் தோளில் போட்டு இழுக்கிற தைரியம் கிடையாது. பேசவும் வராது. ஜீப்பில் ஏறுவதற்கு முன்னால் பிரேக்கை மிதித்துக் காட்டச் சொல்லுகிறேன். தினமும் சொல்லுகிறேன். மிதித்தால்தான் ஏறுவேன். மிதிக்காவிட்டால் ரோட்டிலேயே நிற்பேன். எத்தனையோ நாள் கூலியை விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பியிருக்கிறேன். முதலில் திட்டினார்கள். பிறகு சிரித்தார்கள். இப்போது எனக்குப் 'பிரேக்கு' என்றே பேர் வைத்துவிட்டார்கள். கடைக்குப் போனால், "பிரேக்கு வந்திருக்கு, உப்பக் குடு" என்கிறார்கள். ஊரில் உனக்குச் சாமி என்று பேர், எனக்குப் பிரேக்கு என்று பேர். உன் பேரை விட என் பேர் எவ்வளவோ தேவலை.

இன்று காலையிலும் நின்றேன். வாந்தி எடுத்த அந்தப் புதுப்பிள்ளை முன்னமே ஏறி உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் உள்ளே. நான் மட்டும் கீழே.

"ஏத்தா பிரேக்கு, ஏறப்போறியா, நான் கெளம்பவா?" என்றான் டிரைவர்.

"மிதிச்சுக் காட்டு."

"நேத்துத்தான காட்டினேன்?"

"அது நேத்து."

உள்ளே இருந்து ஒரே சலசலப்பு. நேரமாகிறது, இவளுக்கு இதே பொழப்பு, ஆளை விட்டுவிட்டுப் போவோம் என்று ஆளுக்கு ஒன்று. அப்போது அந்தப் புதுப்பிள்ளை, இங்கே நடந்தது எதுவும் தெரியாதவள், "மிதிச்சுத்தான் காட்டுங்களேண்ணே, என்ன கொறைஞ்சு போகுது?" என்றாள்.

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தான். நான் டயருக்குப் பக்கத்தில் குனிந்து, பிரேக் எண்ணெய் கசிகிறதா என்று பார்த்தேன்.

"போதுமா?"

"இன்னொரு தடவ மிதிப்பா" என்றேன்.